முட்டி வீங்கினால் முதலில் மாத்திரை வாங்காதீர்கள்

ஒரு முட்டி மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் சுடுகிறது. மடக்கவும் நீட்டவும் முடியவில்லை. ரங்கூனில் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "வாதம்தான், எண்ணெய் போட்டு உருவிவிடு." அப்புறம் மருந்துக்கடை. அங்கே பொட்டலம் கட்டித் தரும் கலவை மாத்திரையில் ஸ்டீராய்டும் இருக்கலாம். அது வலியையும் காய்ச்சலையும் அமுக்கும். ஆனால் இந்த வீக்கம் மூட்டுக்குள் பாக்டீரியா புகுந்து சீழ் கட்டுவதாகவும் இருக்கலாம். அப்படியானால் பாக்டீரியா அது பாட்டுக்குப் பெருகும். சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிபட ஆரம்பித்துவிடும்.

காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தவறு. பலருக்குக் காய்ச்சலே வராது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியாது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, மூட்டு நீரை எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் போடுவது. ஊசியால் நீரை உறிஞ்சி, வெள்ளணுக்களை எண்ணி, கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். கூடவே ரத்த கல்ச்சரும். மருந்து முந்திக்கொண்டால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், பிறகு சிகிச்சையே குருட்டாம்போக்குதான். நோயாளி மிகவும் மோசமாக இருந்தால் மட்டும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நீரில் யூரிக் ஆசிட் படிகம் தெரிந்தால் "கவுட்தான்" (அந்தப் படிகத்தால் வரும் மூட்டு வீக்கம்) என்று ஃபைலை மூடிவிடவும் கூடாது, கவுட்டும் கிருமியும் ஒரே முட்டியில் இருக்கலாம்.

பர்மாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1912-ல் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் ரங்கூன் நோயாளிகளிடம் கண்டு எழுதிய மெலியாய்டோசிஸ், சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. மழைக்காலத்தில் பெகு பக்கம் வயலில் இறங்குபவர், அதிலும் சர்க்கரை நோயாளி என்றால், மூட்டிலும் அது தங்கலாம். பென்சிலின், ஜென்டாமைசின் இதற்குப் பொதுவாகக் கேட்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ரத்தநாளம் வழியே வாரக்கணக்கில் போட வேண்டும். அதன் பிறகு கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். வயல் வேலையையும் சர்க்கரையையும் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கிருமி எதுவானாலும் மருந்து மட்டும் போதாது, சீழை வெளியேற்றியாக வேண்டும். வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏராளம். வழக்கமான பாக்டீரியாவுக்கே பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் சொல்வார்கள்.

காய்ச்சலோடு குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால், கீழே விழுந்திருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இடுப்பு மூட்டில் சீழ் கட்டினால் வெளியே வீக்கம் தெரியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.