கூரை ஓரத்துல ஐஸ் கட்டி வீட்டுக்குள்ள ஒழுகினது: என் அனுபவம்

அப்பாடா, ஒரு வழியா நின்னுச்சு. அமெரிக்காவுல மினியாபோலிஸ்ல வெளிய மைனஸ் 15, மழை இல்ல, ஆனா பெட்ரூம் சீலிங்ல ஜன்னலுக்கு மேல தண்ணி சொட்டுது. கூரை ஓரம் பூரா ஐஸ் பாளம், உருகுற பனி அதைத் தாண்ட முடியாம ஷிங்கிளுக்கு (கூரை மேல பதிக்கிற தகடு) அடியில ஏறி உள்ள வருது. ரூஃப் ரேக் (நீளக் கைப்பிடி உள்ள பனி வாரி) வச்சு பனிய இழுத்துத் தள்ளினேன், அடுத்த பனிக்கு மறுபடி அதே கதை. ஹீட் கேபிள் (கூரை ஓரத்துல போடுற, சூடாகுற ஒயர்) ஐஸ்ல ஒரு வாய்க்கால் போட்டுச்சே தவிர ஐஸ் கட்டுறது நிக்கல. கால்சியம் குளோரைட பழைய ஸ்டாக்கிங்ல அடைச்சு குறுக்கா வச்சது அப்போதைக்கு தண்ணி வடிய உதவுச்சு (சாதா உப்பு வேண்டாம், செடியெல்லாம் கெட்டுடும்).

துப்பு கெடச்சது ரோட்டுல நின்னு பாத்தப்பதான். புதுசா பனி விழுந்த மறுநாள் கூரை முழுக்க வெள்ளை, பாத்ரூமுக்கு மேல மட்டும் வட்டமா கருப்பு ஷிங்கிள் தெரியுது. அட்டிக்ல (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்குற இடம்) ஏறிப் பாத்தா எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய் கழண்டு கெடக்கு, குளிக்கிற ஆவியெல்லாம் அங்கயே கொட்டுது, அந்தச் சூட்டுல கூரைப் பனி உருகி ஓரத்துக்கு வந்து மறுபடி உறையுது, கொஞ்சம் தள்ளி ஆணி முனையெல்லாம் உறைபனி. இன்சுலேஷன் சுத்தின குழாய் மாத்தி வெளிய போற வென்ட்டோட கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒயர், பைப் போற ஓட்டையெல்லாம் ஃபோம் அடிச்சு அடைச்சு, சாஃபிட் (கூரை ஓரத்தோட அடிப்பக்கம்) காத்து வழிய மறைச்சிருந்த இன்சுலேஷன விலக்கி, வழி மறுபடி அடைக்காம இருக்க பேஃபிள்னு ஒரு தடுப்பு வச்சேன். அடுத்த பனிக்கு கூரை ஒரே சீரா வெள்ளையா இருந்துச்சு, சொட்டல. சீலிங் பெயிண்ட் மட்டும் பாக்கி.