ஞாயிற்றுக்கிழமைத் திட்டமும் புதன்கிழமை உடம்பும்: ஓய்வு நேரத்தில் கேம் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் கேம் செய்பவர்களின் கணினியைத் திறந்தால் அநேகமாக ஒரே காட்சிதான். 'புது புராஜெக்ட்', 'புது புராஜெக்ட் 2', 'ஃபைனல்', 'நிஜமான ஃபைனல்' என்று வரிசையாக ஃபோல்டர்கள். எதுவும் முடிந்திருக்காது. மேஜைக்கு அடியில் தூசி படிந்த ஒரு ஜோடி டம்பெல் கிடக்கும். ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக உட்கார்ந்து ஒருவர் திட்டம் போடுகிறார். அதைச் செய்யவேண்டியவரோ புதன் இரவு ஒன்பதரைக்கு சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தவர். பெயர் ஒன்று, ஆள் வேறு. கேமும் உடற்பயிற்சியும் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த ஆள்மாறாட்டத்தால்தான்.

முதலில் கேமின் அளவு. இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை. எரிக் பரோன் என்ற தனி ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, நாலரை ஆண்டு உழைத்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். நிஜம்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் அவருக்கு முழுநேர வேலை கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சியாட்டிலில் ஒரு அரங்கத்தில் வருபவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். வீட்டுச் செலவுக்குக் காதலி துணை நின்றார். நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் நாலரை ஆண்டுக்குச் சுமார் 16,000 மணி நேரம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர் அந்த உழைப்பை எட்ட ஐம்பது ஆண்டு ஆகும். பேரன்தான் வெளியிட வேண்டியிருக்கும்.

அதைவிட நமக்குப் பொருந்தும் கதை செலஸ்ட் என்ற கேமுடையது. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிக்கோ-8 என்ற கருவியில் நான்கே நாளில் ஒரு குட்டி கேம் செய்தார்கள். 128-க்கு 128 புள்ளி திரை, 16 நிறம், அவ்வளவுதான் அந்தக் கருவி தரும். அந்தக் குட்டி கேம் முடிந்து, பலர் விளையாடி, பிடித்துப்போன பிறகுதான் 2018இல் வெளிவந்த பெரிய செலஸ்ட் பிறந்தது. 2002 முதல் நடக்கும் லூடம் டேர் என்ற கேம் செய்யும் போட்டியில் தனியாகச் செய்பவருக்குக் கிடைப்பது 48 மணி நேரம். அதில் கலந்துகொள்வதில் பெரிய லாபம், 'முடித்தல்' என்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்வது.

அளவைக் குறைத்தாலும், வேலையைத் தொடங்கும் வரிசையில் அடுத்த சறுக்கல் காத்திருக்கிறது. தலைப்புத் திரை, லோகோ, பொருட்களை அடுக்கி வைக்கும் பை, மூன்று வித சேவ் வசதி என்று ஓடுகிறார்கள். நாயகன் குதிப்பது மட்டும் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருக்கும். சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து முதலில் அந்தக் குதிப்பைச் சரிசெய்யுங்கள். பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதிப்பது ஒரு பழைய தந்திரம். செலஸ்ட்டிலும் அதே 0.1 நொடிதான். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்துத் தொட்டவுடன் குதிக்க வைப்பது இன்னொன்று. விளையாடுபவர் இரண்டையும் கவனிக்கவே மாட்டார். 'சொன்னபடி கேக்குது' என்பார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வேலை, அதாவது புதன் இரவுக்குள் அடங்குகிற வேலை. பொருட்களை அடுக்கும் பை, அதாவது 'இன்வென்டரி சிஸ்டம்', அடங்காது.

கருவி மாற்றுவது இன்னொரு வியாதி. 2023 செப்டம்பரில், கேம் செய்யும் கருவியான யூனிட்டியின் நிறுவனம், கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறது என்ற கணக்கில் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தபோது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் இலவசப் பதிப்பில் அந்தக் கட்டணம் தொடங்குவதே ஓராண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலரையும், மொத்த இன்ஸ்டால் இரண்டு லட்சத்தையும் தாண்டிய பிறகுதான். முந்நூறு பேர் டவுன்லோட் செய்த கேமை வைத்திருந்தவர்களும் அந்த வாரமே பாதி முடிந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு கோடோ என்ற வேறு கருவிக்கு ஓடினார்கள். ஓராண்டில் யூனிட்டி அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கோடோ அருமையான கருவி, இலவசம், திறந்த மூலம். அடுத்த கேமை அதில் தொடங்கலாம். நடுவழியில் மாறியவர்களில் பலர் புதுக் கருவியின் பாடக் காணொளிகளைப் பார்ப்பதிலேயே தங்கிவிட்டார்கள்.

தமிழில் வசனம் வைக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எழுத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கோடோ 3இல் 'கொடி' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்காராது. திரையில் காண்பது தமிழ் மாதிரி ஏதோ ஒன்று. 2023இல் வந்த கோடோ 4தான் இதைச் சரியாகக் கையாள்கிறது. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் இதே தலைவலி உண்டு. திட்டம் தொடங்கும் அன்றே 'கொக்கு, கௌதாரி, ஸ்ரீ' என்று மூன்று சொல்லைத் திரையில் போட்டுப் பாருங்கள்.

செய்த வேலையைப் படிப்படியாகப் பிரதியெடுத்து வைக்கும் 'கிட்' கருவியைப் பயன்படுத்துவதும், அன்றன்றைக்கு அந்தப் பிரதியை வெளி சர்வருக்கு அனுப்புவதும் வேறு வேறு. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் பிரதி, லேப்டாப் போனால் கூடவே போகும்.

இனி உடம்பு. 'கேம் வெளிவரட்டும், அப்புறம் ஜிம்' என்பவரும், ஜனவரியில் ஓராண்டுக்கான பணத்தைக் கட்டிவிட்டு மார்ச்சில் காணாமல் போகிறவரும் செய்வது ஒரே தவறு. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை ஆள் போட்ட திட்டம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தாலும், கோடு (நிரல்) ஓடி முடிகிற வரைக்கும் மொட்டை மாடியைச் சுற்றினாலும் கணக்கில் சேரும்.

எப்போது நடப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'கொஞ்ச நேரம் கோடு எழுதிட்டு நடக்கப் போறேன்' என்றால் அந்த நடை நடக்காது. அலுவலகத்துக்கும் கேமுக்கும் நடுவில் வையுங்கள். மேனேஜர் கடைசியாக அனுப்பிய மெயில் மண்டையை விட்டு இறங்கவும் அந்த இருபது நிமிடம் வேண்டும். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோவும் ஷ்வார்ட்ஸும் நடத்திய ஆய்வில், நடப்பவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வேலையில் மட்டும் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். அடுத்த லெவலை யோசிக்க நடக்கலாம், பிழை பிடிக்க உட்காரத்தான் வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கும் நம் ஆட்களைப் படுத்துகிறது. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடை அளவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது; மருத்துவர்கள் அளந்து சொன்னதல்ல. அதோடு, தொடர்ந்து எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக்காட்டும் செயலிகள். ஆட்டக்காரரை விடாமல் பிடித்துவைக்க நாமே கேமில் வைக்கும் கண்ணி அது, நாமே அதில் விழலாமா? ஒருநாள் விட்டதும் எண்ணிக்கை பூஜ்யமாகி, அதோடு பயிற்சியும் நின்றுபோகிறது. வாரத்துக்கு நான்கு நாள் என்று வைத்துக்கொண்டால் புதன் தவறினாலும் வியாழன் இருக்கிறது.

கட்டிலில் தலையணைமேல் லேப்டாப் வைத்து வேலை செய்தால் கழுத்தும் மணிக்கட்டும் வளைந்தே கிடக்கும். நாலு தடிமனான புத்தகத்தின்மேல் லேப்டாப்பை ஏற்றி, தனிக் கீபோர்டு ஒன்று வாங்கினால் போதும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். காபியைப் பற்றி ஒரே கணக்கு: உடம்பிலிருந்து பாதி காஃபீன் கழியச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்தது இரண்டரை மணிக்கும் பாதி மிச்சம்.

வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு இது 'எந்நேரமும் கேம் விளையாடறான்' என்றுதான் தெரியும். அவர்களையே சோதனையாளர்களாக்குங்கள். ஆனால் அக்கா மகனிடம் போனைக் கொடுத்துவிட்டு, 'அங்க இல்லடா, மேல தட்டு' என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் சோதனை கெட்டது. வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவன் எங்கே தட்டினானோ அங்கேதான் எல்லோரும் தட்டுவார்கள். 'மாமா, இது போர் அடிக்குது' என்று திருப்பிக் கொடுத்தால், எந்த நொடியில் கொடுத்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விற்க நினைத்தால், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும்; 1,000 டாலர் விற்பனை தாண்டினால்தான் அது திரும்பும். 'விரைவில்' என்ற பக்கத்தைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் திறக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பலரும் அந்த இரண்டு வாரத்தையே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. காட்ட ஒரு நல்ல படம் கிடைத்த மாதமே திறந்துவிடுங்கள், விரும்புவோர் பட்டியல் மெல்லத்தான் வளரும். லீவு எடுப்பதிலும் கவனம் வேண்டும். எல்லோரும் வெளியீட்டுக்கு முந்தைய வாரம் எடுத்து, தூங்காமல் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் விளையாடி, 'என் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை' என்று எழுதத் தொடங்குவது அடுத்த வாரம். லீவு அப்போதுதான் தேவைப்படும்.