கொள்ளை வழக்கு மேல்முறையீட்டில் சாட்சியத்தையும் தண்டனையையும் எதிர்த்து வாதிடுவது எப்படி?

மேல்முறையீட்டு மனுவை எழுதத் தொடங்குமுன், கைப்பற்றுதல் மகஜரையும் (பொருள்களைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் போலீசார் எழுதும் பதிவு) அதற்கு அடிப்படையான ஒப்புதல் வாக்குமூலத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படியுங்கள். காவலில் இருப்பவர் போலீசாரிடம் சொன்னவற்றுள், பொருள் கண்டெடுக்கப்பட நேரடிக் காரணமான பகுதி மட்டுமே இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 23-ஆம் பிரிவின் காப்புரையின்படி (பொதுவிதிக்கு விலக்குத் தரும் பகுதி) ஏற்கத்தக்கது. ‘நகையைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன்’ என்பது நிற்கும், ‘கத்தியைக் காட்டிப் பறித்தேன்’ என்பது நிற்காது. விசாரணை நீதிமன்றம் இரண்டாவதையும் நம்பியிருந்தால், தீர்ப்பின் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டே ஆட்சேபியுங்கள். பொத்தாம்பொதுவான ஆட்சேபம் எடுபடுவது அரிது.

தண்டனையைப் பொறுத்தவரை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவிலுள்ள குறைந்தபட்ச 7 ஆண்டுச் சிறை, கொடிய ஆயுதத்தைத் தாமே பயன்படுத்தியவருக்கே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1975-இலேயே கூறியிருப்பதால், வெறுங்கையோடு உடன் நின்றவருக்கும் அது விதிக்கப்பட்டிருப்பின் தனி வாதமாக எழுப்புங்கள். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கக் கோரவும் மறவாதீர்கள்.