டெண்டர் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

அரசு டெண்டரில் ஏதாவது சிக்கல் என்றால் எல்லோரும் விலைப்புள்ளி திறந்த நாளைத்தான் கிண்டிப் பார்க்கிறார்கள். யார் எல்-1 (மிகக் குறைந்த விலை கொடுத்தவர்), யாரைத் தள்ளினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று. ஆனால் பல டெண்டர்கள் அதற்கு எத்தனையோ வாரம் முன்பே, விதிமுறைகளை டைப் அடிக்கும் மேசையிலேயே கெட்டுப்போயிருக்கும். அதைச் செய்தவர் பெரும்பாலும் நேர்மையானவராகவே இருப்பார், அவருக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அரசுக்குப் பொருள் கொடுக்கும் சிறு நிறுவனத்தாரும் படிக்கலாம், அவர்கள் தரப்புத் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, போன வருடக் கோப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி டெண்டர் போடுவது. பத்து வருடத்துக்கு முன்பு இது ஓரளவு ஓடியிருக்கும், இப்போது ஓடாது. மத்திய அரசில் மட்டும் எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள். 2017-ல் பொது நிதி விதிகள் புதிதாக வந்தன. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி, மத்திய அரசுக்குப் பொருள் வாங்கிக்கொடுத்துவந்த டிஜிஎஸ் அண்டு டி அமைப்பையே மூடிவிட்டார்கள், அதன் இடத்துக்கு அரசுத் துறைகள் இணையத்தில் பொருள் வாங்கும் ஜெம் போர்ட்டல் வந்துவிட்டது. 2020 மே மாதம், 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் கூடாது என்றார்கள். ஜூலையில், நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் பதிவு செய்யாமல் கலந்துகொள்ள முடியாது என்ற விதி வந்தது. 2021 அக்டோபரில் வந்த பொது அறிவுறுத்தல்கள், தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சில கட்டுப்பாடுகளோடு கட்டுமானப் பணிகளுக்கும் திறந்துவிட்டன, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம். கையேடுகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே பீரோவில் இருக்கும் ஜெராக்ஸ் நகலை நம்பாமல், டெண்டர் போடும் வாரத்தில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை இணையதளத்தைத் திறந்து ஒருமுறை சரிபாருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், எந்த விதி யாருக்கு என்பது. மத்திய அரசுக்குக் கொள்முதல் சட்டம் என்று ஒன்று கிடையாது. 2012-ல் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், 2014-ல் அவை கலைந்தபோது அது காலாவதியாகிவிட்டது. அங்கே விதிகள், கையேடுகள், சுற்றறிக்கைகள்தான். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று 1998-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது, நாட்டிலேயே முதலில் போட்டதும் இதுதான். 2000-ல் அதற்கான விதிகளும் வந்தன. மாநிலத் துறையில் உட்கார்ந்துகொண்டு "பொது நிதி விதி 170-ன்படி" என்று குறிப்பு எழுதினால், அந்த விதி அங்கே செல்லாது என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். உதாரணத்துக்குக் கால அவகாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். மார்ச் மாதம் நிதி காலாவதியாகிவிடும் என்பது ஒரு காரணமே இல்லை. ஏப்ரலிலேயே திட்டமிடாததற்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

சரி, ஸ்பெக்கிற்கு, அதாவது வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்புக்கு வருவோம். டெண்டர்களைச் சத்தமில்லாமல் கொல்வது இதுதான். ஓர் அலுவலகத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் வேண்டும் என்று வையுங்கள். எழுதத் தெரியாத ஊழியர் தெரிந்த டீலரிடம் ஒரு பிரவுச்சர் வாங்கி, அதில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்கிறார். எடை 57.4 கிலோ, அகலம் 587 மில்லிமீட்டர், முதல் பிரதி 5.2 விநாடி. எந்த பிராண்ட் பெயரும் இல்லை, பார்த்தால் நடுநிலையாகத் தெரிகிறது, ஆனால் அந்த எடையில் அந்த அகலத்தில் உலகத்தில் ஒரே ஒரு மெஷின்தான் இருக்கும். மற்ற கம்பெனிகளெல்லாம் விலையைத் திறப்பதற்கு முன்பு தகுதியைப் பார்க்கும் டெக்னிகல் பிட்டிலேயே வெளியே போகும், புகார் வரும், அந்த ஊழியர் விலைபோனவர் என்ற பெயரும் வரும். எழுத வேண்டியது மெஷினின் உடம்பை அல்ல, அது செய்ய வேண்டிய வேலையை: மாதம் எத்தனை பக்கம் ஓடும், இரண்டு பக்கமும் அடிக்க வேண்டுமா, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், ஐந்து வருடத்துக்கு டோனர் என்ன விலை. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் மலிவான மெஷினை வாங்கி, அப்புறம் மெஷின் விலையைத் தாண்டி டோனருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

தகுதி நிபந்தனையிலும் இதே கதை. கடுமையாக வைத்தால் நல்ல ஆள் வருவார் என்று நினைத்து, 20 லட்சம் ரூபாய் வேலைக்கு 5 கோடி டர்ன்ஓவர் கேட்பார்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ல் பணிகளுக்காகச் சொன்ன அளவுகோல், சராசரி ஆண்டு டர்ன்ஓவர் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருந்தால் போதும் என்பது. அனுபவத்துக்கும் ஒரே மாதிரியான மூன்று வேலை 40 சதவீத அளவில், அல்லது இரண்டு 50 சதவீதத்தில், அல்லது ஒன்று 80 சதவீதத்தில் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட ஏற்றினால் ஏன் ஏற்றினீர்கள் என்று கோப்பில் எழுதியிருக்க வேண்டும்.

கொள்முதலைத் துண்டுபோட்டு, மேலதிகாரி அனுமதி தேவைப்படாத வரம்புக்குள் கொண்டுவருவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசின் பொது நிதி விதி 157 நேராகவே கூடாது என்கிறது, தணிக்கைக்காரர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

ஆவணக் குறைபாடு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும் இடம் இது. டெக்னிகல் பிட் திறக்கிறீர்கள், ஒருவர் பான் கார்டு நகல் வைக்கவில்லை. சில அதிகாரிகள் அந்த நிமிடமே தள்ளிவிடுவார்கள், கண்டிப்பாக இருந்தோம் என்ற திருப்தியோடு. வேறு சிலர் போனில் கூப்பிட்டு "என்னென்ன இல்லையோ எல்லாம் அனுப்புங்க சார்" என்பார்கள். இரண்டுமே தப்பு. மத்திய அரசின் கையேடு இதற்கு நல்ல கோடு போட்டிருக்கிறது. டெண்டர் திறக்கும் நாளிலேயே இருந்த, அதன்பிறகு மாறாத ஆவணத்தை மட்டும் கேட்கலாம். பான், பதிவுச் சான்று போன்றவை அந்த வகை, ஒரு தேதி குறித்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருவர் சப்ளை ஆர்டர் வைத்திருக்கிறார், அந்த வேலையை முடித்த சான்று வைக்கவில்லை என்றால் அந்தச் சான்றைக் கேட்கலாம். ஆனால் வைத்த ஆர்டர் தகுதிக்குப் போதாது என்பதற்காகப் புதிதாக வேறொரு ஆர்டரைக் கேட்டு வாங்கக் கூடாது. முதலாவது விடுபட்டதை நிரப்புவது, இரண்டாவது தோற்றவரை ஜெயிக்கவைப்பது. யாரிடம் கேட்டாலும் அதே குறை உள்ள எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சப்ளையர்கள் தரப்பில் இங்கே அடிக்கடி நடப்பது உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) விஷயம். சான்று இருந்தால் இஎம்டி, அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை, கட்ட வேண்டாம் என்று நம்பி ஒரு ரூபாயும் கட்டாமல் டெண்டர் போடுகிறார்கள். மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை உண்டு, ஆண்டுக் கொள்முதலில் அவர்களுக்கான பங்கும் 20-லிருந்து 25 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அது உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021-ல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டது வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைப்பதற்காக மட்டுமே. இது தெரியாமல் பிட் நிராகரிக்கப்பட்டு ஏமாந்துபோகும் சிறு கடைக்காரர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. டெண்டர் ஆவணத்திலேயே ஒரு வரி தெளிவாக எழுதிவைத்தால் அவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்.

ஒரே ஒரு பிட் வந்தால் பயந்து ரத்து செய்வதும் தேவையில்லாதது. ஒழுங்காக விளம்பரம் செய்து, நிபந்தனைகளும் நியாயமாக இருந்து, விலையும் சந்தைக்கு ஒத்துப்போனால் அந்த ஒன்றையே ஏற்கலாம் என்று மத்திய விதிகள் சொல்கின்றன. மறுடெண்டர் போட்டால் அவர் விலை எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும், மாதங்களும் போயிருக்கும்.

விலை பேசுவதில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. எல்-1, எல்-2, எல்-3 மூவரையும் அழைத்து உட்காரவைத்து "யார் குறைப்பீர்கள்" என்று கேட்பது. அரசுக்குப் பணம் மிச்சம் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் அடுத்த டெண்டரிலிருந்து யாரும் முதலில் உண்மை விலையைப் போட மாட்டார்கள். பேச வேண்டிய கட்டாயம் வந்தால் எல்-1-உடன் மட்டும் பேசலாம் என்று கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமும் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேச இடம் தருகிறது. அப்போதும் சந்தை விலை என்ன என்று கையில் ஓர் ஆதாரம் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஜெம் போர்ட்டலில் வாங்கும்போதும் இது பொருந்தும். திரையில் தெரியும் விலை அரசே நிர்ணயித்தது என்று பலர் நினைக்கிறார்கள். விலை நியாயமானது என்று சான்று தர வேண்டியவர் வாங்கும் அதிகாரிதான்.

ஆர்டர் போட்டவுடன் கோப்பை மூடிவிடுவது அடுத்த தவறு. வங்கி உத்தரவாதங்கள் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வேலை இழுத்துக்கொண்டே போகும், உத்தரவாதம் நேற்று முடிந்திருக்கும், ஒப்பந்ததாரர் கைவிட்டுப் போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது. பில்லையும் காலத்தில் தீருங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டினால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பலர் கேட்பதில்லை, அடுத்த டெண்டரில் விலையை ஏற்றிப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். அந்தச் செலவு எந்தத் தணிக்கையிலும் தெரியாது, மக்கள் பணத்திலிருந்துதான் போகிறது.

இவ்வளவையும் ஒருவர் வேறு நான்கு பொறுப்புகளுக்கு நடுவே, பயிற்சி இல்லாமல், இரண்டு வருடத்தில் மாறுதல் வரும் என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. கொள்முதலை ஒரு தனித் தொழிலாக மதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. வந்து இறங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாமல் மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் பதிவாகும். கேரளம், ராஜஸ்தான் எல்லாம் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. அந்தக் கழகத்தில் இருப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், ஆனால் ஒரே வேலையைத் தொடர்ந்து செய்து கற்றுக்கொள்ள அவர்களுக்கு இடம் கிடைத்தது.

உங்கள் துறையில் அந்த இடம் இல்லையென்றால் பயிற்சியையாவது கேட்டு வாங்குங்கள். ஃபரிதாபாத்தில் உள்ள அருண் ஜேட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனத்தில் பொதுக் கொள்முதலுக்கென்றே ஒரு வாரப் பயிற்சி நடக்கிறது, மாநில அரசு அலுவலர்களும் போகலாம். துறைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதும்போது, உங்கள் பிரிவு ஒரு வருடத்தில் எத்தனை கோடி ரூபாய்க்கு ஆர்டர் போடுகிறது என்ற எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள்.