ஆங்கிலம் கதைக்கத் தயங்கும் மனைவிக்கு உதவுவது எப்படி? ஸ்காபரோ வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர், தனியாகக் கடை நடத்தியவர். கணவர் ஸ்பொன்சர் செய்து கனடா வந்து வருடங்கள் போய்விட்டன. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு போன் வந்தால் கணவரிடம் நீட்டிவிடுகிறார். "என்னப்பா, நீங்களே கதையுங்கோ." கணவரும் சொல்லிப் பார்த்து, கோபித்துப் பார்த்து, கடைசியில் விட்டுவிடுகிறார். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இப்படி எத்தனையோ வீடுகள்.

ரொறன்ரோவில் நூலகத்தில் நடக்கும் ஆங்கில உரையாடல் வட்டங்களில் நான் உதவி செய்கிறேன். அங்கே வரும் பெண்களிடமிருந்து தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் கணவர்மாரை நினைத்தே எழுதுகிறேன். மனைவி ஸ்பொன்சர் செய்து வந்த கணவருக்கும் இதே வழிதான்.

படி 1: ஏன் தயங்குகிறார் என்று பாருங்கள்

ஸ்காபரோவில் தமிழ் மட்டும் தெரிந்தாலே வாழ்ந்துவிடலாம். மரக்கறிக்கடை, நகைக்கடை, குடும்ப டொக்டர், சட்டத்தரணி, கார் பழக்குபவர், கோயில், வானொலி எல்லாம் தமிழில் உண்டு. மிச்சத்துக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆங்கிலம் இல்லாததால் ஒரு வேலையும் தடைப்படாதபோது அதைப் படிக்க மனம் வராதது இயல்பு. அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். வெளியாட்கள் முன்னால் பிழை விட இவர்கள் அவ்வளவு பயப்படுவதில்லை. "இவர் பக்கத்தில நிண்டால்தான் எனக்கு வாய் வராது" என்று வட்டத்துக்கு வரும் பெண்கள் அடிக்கடி சொல்கிறார்கள். தமிழில் கெட்டிக்காரியாக வாழ்ந்த ஒருவருக்கு, சொந்தப் புருஷன் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் மூன்று வயதுக் குழந்தை மாதிரிக் கதைப்பது பெரிய வேதனை. அதற்கு வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறார்.

ஆகவே "ஏன் இன்னும் படிக்கேல்லை?" என்று கேட்காதீர்கள். ஆறுதலாக இருக்கும் ஒரு நேரத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நான் இல்லாமல் நீர் தனியச் செய்யவேணும் எண்டு நினைக்கிற அலுவல் ஏதும் இருக்கோ?" பதில் உடனே வராது. இரண்டு நாள் கழித்து வரலாம். மகளின் ரீச்சரோடு கதைக்க வேண்டும், அம்மாவுக்கு மருந்து எடுக்க வேண்டும், பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டும், எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பதில்தான் உங்கள் பாடத்திட்டம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மனைவி எல்லாவற்றுக்கும் தன்னையே நம்பியிருப்பது சில கணவர்மாருக்கு வசதியாக இருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட், பி.ஆர். (நிரந்தர வதிவிட) காட், ஹெல்த் காட், வங்கி அட்டை எல்லாம் மனைவியின் கையிலேயே இருக்க வேண்டும். போனும் அவர் பெயரில் இருக்கட்டும். இது நடக்காத வீட்டில் கீழே எழுதியிருக்கும் எதுவும் பலன் தராது.

படி 2: திருத்துவதை நிறுத்துங்கள்

அவர் "ஹீ கோ ஸ்கூல்" என்று சொன்னால் அர்த்தம் விளங்குகிறது. விட்டுவிடுங்கள். அவராகக் கேட்டால் மட்டும், அதுவும் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். கடையில், விருந்தில், போன் கதைக்கும்போது பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை தாயின் உச்சரிப்பைக் கேட்டு ஒரு தரம் சிரித்தால், பல மாத உழைப்பு அந்த நிமிடத்திலேயே போய்விடும். அதேபோல, டொக்டரிடம் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் உடம்பைப் பற்றிய கதை பத்து வயதுப் பிள்ளை சுமக்க வேண்டியது இல்லை. பெரிய மருத்துவமனை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம்.

படி 3: இந்த வாரமே 911

மற்றது எல்லாம் மெல்ல நடக்கட்டும், இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 911 எடுத்தால் பொலிஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்றுதான் முதலில் கேட்பார்கள். "அம்புலன்ஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்ததாக எந்த இடம் என்று கேட்பார்கள். வீட்டு இலக்கம், தெருவின் பெயர், அபார்ட்மென்ட் இலக்கம் ஆகியவற்றைத் தடங்கல் இல்லாமல் சொல்லப் பழக்குங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால், தமிழ் என்பதை ஆங்கிலத்தில் சொல்வதுபோல "ரமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முழு வசனம் தேவையில்லை. போனை வைத்துவிடக் கூடாது, அது முக்கியம். முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

படி 4: ஒரே ஒரு அலுவலைக் கையில் கொடுங்கள்

மருந்துக் கடைக்குப் போன் எடுத்து மருந்து திரும்ப நிரப்பச் சொல்வதை உதாரணமாக எடுக்கிறேன். தொடங்குவதற்கு நல்ல அலுவல். கேள்விகள் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும், அந்தப் பக்கம் இருப்பவர் பொறுமையானவர், பிழை விட்டாலும் திரும்ப எடுக்கலாம்.

முதலில் மருந்துப் போத்தலைக் கையில் எடுத்து இருவருமாகப் பாருங்கள். லேபிளில் மருந்தின் பெயரும் அவருடைய பெயரும் மருந்துச்சீட்டு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதட்டும், தமிழ் எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை:

"ஹலோ, ஐ நீட் எ ரீஃபில், ப்ளீஸ்."
"மை நேம் இஸ்..."
"மை டேட் ஒஃப் பேர்த் இஸ்..."
"வென் வில் இற் பி ரெடி?"

இவற்றோடு இன்னொரு வசனமும் வேண்டும், அதுதான் மிகவும் தேவையானது: "சொறி, குட் யூ ஸே தற் அகெய்ன், ஸ்லோலி?" விளங்காத இடத்தில் போனைக் கணவரிடம் நீட்டும் பழக்கத்தை இந்த ஒரு வசனம்தான் மாற்றும். இதை வெட்கமில்லாமல் கேட்கப் பழகிவிட்டால் பாதித் தூரம் வந்தாயிற்று.

நீங்கள் மருந்துக் கடைக்காரராக நடித்து வீட்டில் சில தரம் சொல்லிப் பாருங்கள். ஒரு முறை வேண்டுமென்றே வேகமாகக் கதையுங்கள், அவர் மேலே சொன்ன வசனத்தைப் பாவிக்கட்டும். உண்மையான போன் எடுக்கும் நேரத்தில் நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். சில கடைகளில் முதலில் பதிவு செய்த குரல் வந்து இலக்கங்களை அழுத்தச் சொல்லும். அதை மட்டும் முன்பே ஒரு தரம் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

கதைத்து முடித்து வந்தபின் "என்ன சொன்னவை?" என்று மட்டும் கேளுங்கள். எப்படிக் கதைத்தார் என்று விசாரிக்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் வீட்டு மருந்து முழுக்க அவர் பொறுப்பு. நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

படி 5: பெயரும் எண்களும்

போனில் நம்மவர்கள் தடுமாறுவது இலக்கணத்தில் இல்லை, பெயரைச் சொல்வதில். சிவதர்ஷினி, ஜெயலோகேஸ்வரன் போன்ற பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லத்தான் வேண்டும். போன் வழியாகக் கேட்கும்போது பி, டி, வி, ஈ எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும்: "வி ஃபோர் விக்டர்", "டி ஃபோர் டொக்". தன் பெயருக்கும் கணவர், பிள்ளைகள் பெயருக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாரித்து வாய்க்குப் பழக்கினால், எந்த அலுவலகத்தில் போன் எடுத்தாலும் முதல் நிமிடம் பயமில்லாமல் போய்விடும்.

அடுத்தது அஞ்சல் குறியீடு. கனடாவில் அது எழுத்து, எண், எழுத்து, பிறகு எண், எழுத்து, எண் என்று ஆறு இடமாக வரும். ஸ்காபரோ என்றால் 'எம் 1' என்று தொடங்கும். ஒன்ராறியோ ஹெல்த் காட்டில் 10 இலக்கமும் அதன் பின்னால் இரண்டு எழுத்தும் இருக்கும். அந்த இரண்டு எழுத்தையும் கேட்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது, கேட்டவுடன் திகைத்துப் போகிறார்கள்.

நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. 15, 50 இரண்டும் காதில் ஒன்று போல விழும். 13, 30 என்பதும் அப்படித்தான். 'தேர்ட்டீன்' என்பதில் கடைசிப் பகுதி அழுத்தமாக நீளும், 'தேர்ட்டி' என்பதில் முதல் பகுதி அழுத்தமாக வந்து சட்டென்று முடியும். காது பழகும்வரை குழம்பத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் தனித்தனி எண்ணாகத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்: "வன் ஃபைவ்? ஓர் ஃபைவ் ஸீரோ?" அப்பொயின்ட்மென்ட் தவறிப் போகாது.

படி 6: வீட்டிலும் வெளியிலும் காதுக்குத் தீனி

வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் போடும் கணவர்மார் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்பும் சண்டையும் தமிழிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் வீட்டில் கேட்கும் தமிழ்தான் மிஞ்சப் போகிறது. தினமும் ஒரு சிறிய நேரத்தை ஒதுக்கினால் போதும்.

அந்த நேரத்துக்கு சி.பி. 24 என்ற செய்தித் தொலைக்காட்சி நல்லது. காலநிலை, வீதி நெரிசல், தலைப்புச் செய்தி எல்லாம் சொல்லும்போதே திரையில் எழுத்திலும் வரும். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருவதால் முதல் முறை பிடிபடாத சொல் மூன்றாம் முறை பிடிபடும். நாடகம், படம் பார்ப்பதென்றால் ஆங்கில வசனத்தை ஆங்கில எழுத்திலேயே கீழே போட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் போட்டால் கண் தமிழைப் படிக்கும், காது வேலை செய்யாது. பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தின் பெயரை அறிவிப்பதும் அப்படித்தான், கேட்கவும் செய்யும், எழுத்திலும் ஓடும்.

வெளியில் போகும் இடங்களில் என் முதல் தெரிவு, சின்னப் பிள்ளை இருக்கும் தாய்க்கு, ஏர்லி ஒன் நிலையம். ஒன்ராறியோவில் 6 வயது வரையான பிள்ளைகளோடு பெற்றோர் இலவசமாகப் போகலாம். அங்கே எல்லோரும் பிள்ளையைப் பற்றித்தான் கதைப்பார்கள். எத்தனை வயது, நித்திரை கொள்கிறாரா, என்ன சாப்பிடுவார், இவைதான் கேள்விகள். பாட்டுப் பாடும்போது தாயும் சேர்ந்து பாடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டால் ரொறன்ரோ பொது நூலகம். 100 கிளைகள் இருக்கின்றன, அட்டை இலவசம், பல கிளைகளில் தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் எடுக்கப் போய்ப் பழகியவர் பிறகு உரையாடல் வட்டத்திலும் வந்து உட்காருகிறார்.

படி 7: வகுப்பு

பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். கட்டாயப்படுத்தி அனுப்பினால் குளிர் தொடங்க வகுப்பு நின்றுவிடும். ஒரு அலுவலைத் தானே செய்த பெருமை கொஞ்சம் வந்தபின் அனுப்பினால் நிலைத்துப் போவார்.

லிங்க் என்பது புதிதாக வந்தவர்களுக்காக மத்திய அரசு 1992 முதல் நடத்தும் மொழி வகுப்புத் திட்டம். பி.ஆர். உள்ளவர்களுக்கும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். குடியுரிமை எடுத்தவர்கள் இதில் சேர முடியாது, ஆகவே அதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள். குடியுரிமை எடுத்துவிட்டால் கல்விச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளை விசாரியுங்கள். பகல், மாலை, ஒன்லைன் என்று பல வகை உண்டு. சில நிலையங்களில் வகுப்பு நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. எங்கே, எப்போது என்று சமூக சேவைத் தகவல் தரும் 211 எண்ணுக்குப் போன் எடுத்துக் கேட்டால் சொல்வார்கள்.

சேர்வதற்கு முன் ஒரு மதிப்பீடு நடக்கும். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்த்து எந்த நிலை என்று சொல்வார்கள். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்பதை மனைவியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பரீட்சை என்று நினைத்துப் பயந்து போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, அதிகம் தெரிந்தவர் போலக் காட்டவும் வேண்டாம். பொருந்தாத நிலையில் போட்டால் இரண்டாம் கிழமையே மனம் விட்டுவிடும்.

வகுப்பு நேரத்தில் சமையலும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. வகுப்பு முடிந்து வந்து கறி வைக்க வேண்டும் என்றால், எந்த ஆர்வமும் ஒரு மாதத்தில் களைத்துவிடும். முதல் நாளுக்கு முன் பஸ் மாறும் இடம் வரை ஒருமுறை கூடப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு அவராகப் போகட்டும். வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தால் நல்லது. இருவரும் தமிழில் கதைத்துக்கொண்டிருப்பார்களே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். தொடக்கத்தில் அந்தத் துணைதான் பெப்ரவரிப் பனியிலும் அவரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும்.

கனடிய மொழி அளவுகோலில் மொத்தம் 12 நிலைகள் உண்டு. 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, கேட்டலிலும் பேசலிலும் 4ஆம் நிலை வேண்டும். லிங்க் வகுப்பில் அந்த நிலையை முடித்த சான்றிதழை மொழித் தகுதிக்கு ஆதாரமாக இணைக்கலாம். கிடைத்தவுடன் ஒரு பிரதி எடுத்து, பாஸ்போர்ட் இருக்கும் கோப்பில், அவருடைய கோப்பில், அவரையே வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தையும் அவரே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.