1942 நடையைப் பிள்ளைகளுக்கு நாவலாக எழுத

1942-இல் ஜப்பானியப் படைக்குப் பயந்து, பர்மாவில் இருந்த இந்தியர்கள் பலர் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். யாங்கோனில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக அந்த நடையைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எழுதுவதானால் முதலில் இரண்டு தேதிகளைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) குண்டு விழுந்த நாள். 1942 மார்ச் 8, ஜப்பானியர் நகருக்குள் நுழைந்த நாள். அப்பா அம்மாவை இழந்த அக்காவும் தம்பியும் இதற்கு நடுவில் ரங்கூனை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்புறம் வழி. சிண்ட்வின் ஆற்றைத் தாண்டி, பர்மா எல்லை ஊரான தமு, பிறகு இந்தியாவில் இம்பால், திமாப்பூர் ரயிலடி என்று ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாதம் மழை பிடித்துவிடும், அதை மறக்க வேண்டாம்.

சண்டைக் காட்சிகளைக் குறையுங்கள். அந்த வழியில் நடந்துபோய், போர் முடிந்து திரும்பி வந்தவர் என் பாட்டி. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு பித்தளைச் செம்பைப் பற்றித்தான். காலராவுக்குப் பயந்து, ஓடைத் தண்ணீரை அதில் கொதிக்கவைக்காமல் தம்பிக்குத் தரமாட்டாராம். தம்பி அழுவானாம், ஆறும்வரை இவர் முந்தானையால் விசிறுவாராம். செம்பின் அடியில் அந்தக் கரி இன்னும் இருக்கிறது, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. அப்படி ஒரு பொருளை அக்கா கையில் கொடுங்கள்.

சாவை மறைக்காதீர்கள், ஒரு வரியில் சொல்லி நகருங்கள். எழுதியதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டால், அந்த இடத்தில் ஒரு பிடி அவல் சேருங்கள்.