குடும்பநல நீதிமன்றத்தில் ஜூனியர்கள் சறுக்கும் இடங்கள்

கட்சிக்காரர் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே மனுவில் இறக்கிவிடுவதுதான், புதிதாகப் பதிவு செய்த வக்கீல்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. மனு காரசாரமாக இருந்தால்தான் கட்சிக்காரருக்கு நம்பிக்கை வரும் என்று நினைக்கிறார்கள். ஆனால் குறுக்கு விசாரணையில் கூண்டில் ஏறி நிற்கப்போவது அவர்தான். "மாமனார் தினமும் அடித்தார்" என்று எழுதியிருப்போம். அந்த ஆறு மாதமும் மாமனார் வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார் என்று எதிர்த்தரப்பு காகிதத்தோடு வந்து நிற்கும். அந்த ஒரு வரி சரிந்ததும், நிஜமாகவே விழுந்த அடி மீதும் சந்தேகம் வந்துவிடும். நாள், இடம், கூட இருந்தவர் யார், ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டா என்ற விவரங்களோடு நான்கைந்து சம்பவங்கள் எழுதினால் போதும். ஆதாரமில்லாமல் நடத்தையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். மனைவியின் நடத்தை மீது எதிருரையில், அதாவது மனுவுக்குத் தரும் பதிலில், அவதூறு சுமத்துவதே மனரீதியான கொடுமை என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று, கட்சிக்காரரைத் தனியாகப் பேச விடாதது. ஒரு பெண் அண்ணனோடு வந்திருந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னார். "விவாகரத்துதான் சார், வேற பேச்சே இல்ல." ஆதார் நகல் எடுக்க அவர் கீழே போன பத்து நிமிடத்தில், துப்பட்டா நுனியைச் சுருட்டியபடியே அந்தப் பெண் சொன்னார்: "அவரு குடிய விட்டா நான் போயிடுவேன் சார்." அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் போயிருந்தால், அவர் கேட்காத ஒன்றுக்கு நான் மனுப் போட்டிருப்பேன். முதல் சந்திப்பில் எப்படியாவது தனியாகப் பேசிவிடுங்கள்.

வக்காலத்து போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கவுன்சலிங்கை வெறும் வாய்தாவாக நினைத்துக் கட்சிக்காரரைத் தயார்ப்படுத்தாமல் அனுப்பாதீர்கள். சமரசத்துக்கு முயல்வது 9-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கே விதித்த கடமை.

ஜீவனாம்ச வழக்கில் அஜாக்கிரதை அதிகம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பலரும் பழைய கோப்பு ஒன்றிலிருந்து நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். விவசாய வருமானத்துக்குத் தனிப் படிவம் இருப்பதே சிலருக்குத் தெரியவில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, கட்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து நிரப்புங்கள். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. அதிலோ குடும்ப வன்முறைச் சட்டத்திலோ ஏற்கெனவே உத்தரவு வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வேலையே தேவைப்படாது.

வாட்ஸப் செய்திகளை அச்செடுத்து நீட்டுவதோடு நிறுத்தாதீர்கள், மின்னணு ஆதாரங்களுக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் கேட்கும் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் சாட்சிய விதிகள் தளர்வானவைதான், ஆனாலும் மேல்முறையீட்டில் அது கைகொடுக்கும்.

பரஸ்பர சம்மத விவாகரத்து சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில்தான் பயம் அதிகம். இந்து திருமணச் சட்டம் 13பி-யின் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, "ஒரே மாசத்துல முடிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு, முடிவு நீதிபதியின் கையில். தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஒப்பந்தத்தில் "நகைகள் திருப்பித் தரப்படும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அடுத்த வழக்கு தயார். எத்தனை சவரன், எந்தெந்த நகை, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று எழுதுங்கள். சீர்ப் பாத்திரங்களையும் விடாதீர்கள்.

குழந்தையைப் பார்க்கும் உரிமையில் இதைவிட நுணுக்கம் வேண்டும். "மாதம் இரண்டு முறை" என்ற உத்தரவோடு போனவர்கள் மூன்றாவது மாதமே போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஞாயிறு, காலை எத்தனை மணி, எந்த இடம், யார் கூட்டி வருவது, பரீட்சை சமயத்தில் என்ன செய்வது, தீபாவளி யாரோடு, பொங்கல் யாரோடு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எப்படித் தகவல் சொல்வது, இடையில் வீடியோ காலில் எந்த நேரத்தில் பேசலாம். இதையெல்லாம் கேட்டு எழுத அரை மணி நேரம் ஆகும். அந்தக் குழந்தை பள்ளியில் படிக்கிறது என்றால், அதன் பள்ளி நாட்காட்டியையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.